இரவல் மடி: வளர்ப்புப் பெற்றோரும் காத்திருப்பின் வரலாறும்

1

ஒன்ராறியோவின் சிறுவர் நலச் சங்கங்களைப் பற்றிப் புலம்பெயர்ந்த தமிழர் மத்தியில் பெரும்பாலும் இரண்டு அபிப்பிராயங்களே நிலவுகின்றன. ஒன்று, அவர்கள் 'பிள்ளை பிடிகாரர்' என்பது. கோபத்தில் ஒரு அடி போட்டால் போதும், பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொண்டுபோய்விடுவார்கள் என்று அஜின்கோர்ட்டின் மாடிக் குடியிருப்புகளில் தாய்மார் ஒருவரையொருவர் எச்சரிப்பதுண்டு. மற்றையது படித்தவர்களின் அபிப்பிராயம். மேற்குலகு பிள்ளையைத் தனி மனிதராக மதிக்கிறது, நமது குடும்ப அமைப்பு அவ்வாறு மதிப்பதில்லை, ஆகவே சட்டம் தன் கடமையைச் செய்யட்டும் என்பது அது.

இவ்விரு சாராரும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகிறார்கள். பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுசெல்லப்படும் நாளையும், நீதிமன்றம் இறுதித் தீர்ப்பளிக்கும் நாளையும் மட்டுமே இருவரும் காண்கிறார்கள். அந்த இரண்டு நாட்களுக்கும் இடையில் மாதங்கள், சிலவேளை வருடங்கள் கழிகின்றன. அக்காலத்தில் பிள்ளை யாரோ ஒருவரின் வீட்டில் சாப்பிட்டு, உறங்கி, காய்ச்சல் வந்து, பல் விழுந்து, புதுப் பல் முளைத்து வளர்கிறது. அந்த யாரோ ஒருவர் எதனை எதிர்பார்க்கலாம், எதனை எதிர்பார்க்கக்கூடாது என்பது நமது விவாதங்களில் இடம்பெறுவதே இல்லை.

நான் ஊரில் வரலாறு படிப்பித்தவன். இங்கே வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையொன்றில் இரவு வேலை செய்கிறேன். நானும் மனைவியும் சில காலம் வளர்ப்புப் பெற்றோராக இருந்திருக்கிறோம். எங்களிடம் வந்த பிள்ளைகளைப் பற்றி இக்கட்டுரையில் ஒரு வரியும் இராது. பிள்ளையையும் பெற்றோரையும் மட்டுமன்றி வளர்ப்புப் பெற்றோரையும் அடையாளம் காட்டும் எதனையும் வெளியிடலாகாது என்கிறது ஒன்ராறியோச் சட்டம். புனைபெயரில் எழுதுவதற்குக் காரணம் அதுவே. இத்தடை எனக்கு உடன்பாடானது. நான் எழுதக்கூடியது காத்திருப்பு என்ற அந்த இடைக்காலத்தின் வரலாற்றை மட்டுமே. அது எவ்வாறு தோன்றியது, அதில் யாருக்கு என்ன உரிமை கிடைத்தது என்பதை அறியாமல் அதற்குள் காலடி வைப்பவர்கள் உடைந்துபோகிறார்கள் என்பதைக் கண்டிருக்கிறேன்.

2

முதலில் நமது முதுசத்தைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமையில் பிள்ளைகளைப் பற்றிய இரண்டு ஏற்பாடுகள் நமக்கு முக்கியமானவை. ஒன்று சுவீகாரம். மஞ்சள் நீர் அருந்தும் சடங்கின் மூலம் ஒரு பிள்ளை இன்னொரு குடும்பத்துப் பிள்ளையாகிறது. உரித்தாளர்களின் சம்மதம் அங்கே முக்கியம், ஏனெனில் சொத்துரிமை மாறுகிறது. மற்றையது, தாய் இறந்து தகப்பன் மறுமணம் செய்யும்போது தாய்வழிப் பேரன் பேர்த்தியோ நெருங்கிய உறவினரோ பிள்ளைகளைப் பொறுப்பேற்பது. அப்போது தாயின் சீதனமும் முதல் மணத்துத் தேடியதேட்டத்தின் பாதியும் பிள்ளைகளோடு கூடவே போகவேண்டும்.

இரண்டிலும் பிள்ளை எங்கே போகிறது என்பது ஒரே நாளில் முடிவாகிவிடுகிறது. முடிவெடுப்பவர்கள் உறவினர்கள். அந்நியர் ஒருவர், பிள்ளை தன்னுடையதல்ல என்று தெரிந்துகொண்டே, திருப்பிக் கொடுக்கவேண்டி வரலாம் என்பதை ஏற்றுக்கொண்டு வளர்ப்பதற்கு அங்கே இடமில்லை. பின்னர் பிரித்தானியர் காலத்தில் வந்த 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகள் சுவீகாரச் சட்டமும் நிரந்தர மாற்றத்தைப் பற்றியதே. 'வளர்ப்புத் தாய்' என்ற நமது சொல்லே தத்தெடுத்தவளையும் இடைக்காலத்தில் காப்பவளையும் வேறுபடுத்துவதில்லை.

இதற்காக நமக்கு அந்த அனுபவமே இல்லை என்று சொல்லமுடியாது. பெரியாழ்வார் யசோதையாகி நின்று பாடினார். குலசேகர ஆழ்வார் தேவகியாகி நின்று, பிள்ளையின் குறும்பைக் காணக் கிடைக்காதவளின் புலம்பலைப் பாடினார். ஒரே பிள்ளைக்கு இரண்டு தாயரின் உண்மையையும் ஏற்றுக்கொண்ட இலக்கியம் நமது. அண்மைக் கால உதாரணமும் உண்டு. யுத்தத்தின்போது பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு வந்து, அகதி வழக்கு முடிந்து, ஸ்பொன்சர் பண்ணி அழைப்பதற்குள் நாலைந்து வருடம் கழிந்துவிட்ட குடும்பங்கள் நம்மிடையே எத்தனை? விமான நிலையத்தில் தாயை 'அன்ரி' என்று அழைத்த பிள்ளைகளை நாம் அறிவோம். அம்மம்மாவின் மடி இரவல் மடி என்பது அம்மம்மாவுக்குத் தெரிந்திருந்தது, பிள்ளைக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆனால் இதனைக் குடும்பத்துக் கண்ணீராக மட்டும் பேசினோமேயன்றி ஒரு சமூக ஏற்பாடாக ஆராயவில்லை.

இலங்கையில் இந்த இடைநிலை தெளிவாகச் சட்டத்தில் வந்தது ஆழிப்பேரலைக்குப் பின்னரே. கல்முனையில் கண்டெடுக்கப்பட்டு ஆஸ்பத்திரிப் பதிவில் 81ஆம் இலக்கம் பெற்ற குழந்தைக்கு ஒன்பது தாய்மார் உரிமை கோருவதாக உலகப் பத்திரிகைகள் எழுதின. உண்மையில் நீதிமன்றத்தை நாடியது ஒரேயொரு தம்பதி. 2005 பெப்ரவரியில் மரபணுச் சோதனை அவர்களே பெற்றோர் என்று நிறுவும்வரை குழந்தை ஆஸ்பத்திரியிலேயே இருந்தது. அதே ஆண்டின் 16ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம், பேரலையால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு வளர்ப்புப் பெற்றோரை நியமிப்பதற்கு வழிசெய்தது. ஒன்ராறியோவில் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இதுபற்றிய சட்டம் இருந்தது. ஆனால் அங்கும் தொடக்கத்தில் காத்திருப்பு என்று ஒன்று இருக்கவில்லை.

3

1869 முதல் 1930கள் வரை ஏறத்தாழ 100,000 பிள்ளைகள் பிரித்தானியாவிலிருந்து கனடாவுக்கு அனுப்பப்பட்டனர். பேர்னாடோ முதலானோரின் நிறுவனங்கள் அவர்களை 'அநாதைகள்' என்று வர்ணித்தன. பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிருடன் இருந்தனர்; வறுமைதான் அவர்களைப் பிரித்தது. ஒன்ராறியோவின் கமங்களில் அவர்கள் வேலைக்காரராகவும் வளர்ப்புப் பிள்ளைகளாகவும் ஒருங்கே நடத்தப்பட்டனர். இன்று நாம் வாழும் ஸ்காபரோவும் அக்காலத்தில் கமக்காரரின் ஊர்தான். அனுப்பப்பட்ட பிள்ளைகளைப் போய்ப் பார்ப்பதற்குச் சரியான ஏற்பாடில்லை என்று அன்ட்ரூ டோயில் 1875இலேயே அறிக்கை எழுதினார். கனடாவின் மக்களவை 2017இல்தான் மன்னிப்புக் கோரியது.

இந்தச் சூழலில்தான் ஜே. ஜே. கெல்சோ வருகிறார். அயர்லாந்தில் பிறந்து ரொறன்ரோவில் பத்திரிகை நிருபராக இருந்த இவர் 1891இல் ரொறன்ரோ சில்ட்ரன்ஸ் எய்ட் சங்கத்தை உருவாக்க முன்னின்றார். 1893இல் ஒன்ராறியோவின் பிள்ளைகள் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியபோது அதனை மேற்பார்வை செய்யும் உத்தியோகத்தராக நியமிக்கப்பட்டு, 1934 வரை அப்பதவியில் இருந்தார். பெரிய விடுதிகளில் அடைத்து வளர்ப்பதைவிட ஒரு சாதாரண வீடு மேலானது என்பது அவரது உறுதியான நம்பிக்கை. புரட்டஸ்தாந்தப் பிள்ளையைக் கத்தோலிக்க வீட்டிலும் கத்தோலிக்கப் பிள்ளையைப் புரட்டஸ்தாந்த வீட்டிலும் வைக்கலாகாது என்று அந்தச் சட்டம் விதித்தது. அதாவது பிள்ளையின் பண்பாட்டைக் காக்கவேண்டும் என்ற எண்ணம் 1893இலேயே இருந்தது, ஆனால் அக்காலத்தில் அதிகாரம் பெற்றிருந்த இரண்டு சமூகங்களுக்கு மட்டும்.

கெல்சோவின் காலத்தில் வளர்ப்புப் பெற்றோர் காத்திருக்கவில்லை. பிள்ளை வந்தால் வந்ததுதான். பெற்றோர் திருந்தலாம், அவர்களுக்கு உதவினால் பிள்ளை திரும்பிப் போகலாம் என்ற எண்ணம் மெதுவாகவே வந்தது. 1920களில் ரொறன்ரோவின் இன்ஃபன்ற்ஸ் ஹோம், குழந்தைகளை விடுதியிலிருந்து எடுத்துக் கொடுப்பனவு பெறும் குடும்பங்களிடம் ஒப்படைத்தது. இலவசமாக வளர்ப்பவர் பிள்ளையைத் தனது என்று எண்ணலாம். கொடுப்பனவு பெற்று வளர்ப்பவர் ஒரு சேவை செய்கிறார் என்ற வேறுபாடு அங்கிருந்து வலுப்பெறுகிறது. 1954, 1965, 1978, 1984 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் நீதிமன்றத்தின் பங்கையும் பெற்றோரின் உரிமைகளையும் படிப்படியாக வரையறுத்தன. குடும்பத்தை இயன்றளவு குறைவாகக் குலைக்கும் வழியையே நாடவேண்டும் என்று 1984ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. பெற்றோருக்கு நீதி கிடைக்க வழக்கு நடக்கவேண்டும். வழக்கு நடக்கக் காலம் வேண்டும். காத்திருப்பு இவ்வாறு, பெற்றோரின் உரிமையின் மறுபக்கமாகப் பிறந்தது.

4

காலம் யார் பக்கமும் சாயாமல் இருப்பதில்லை. இதுவே இந்த வரலாற்றின் சிக்கலான முடிச்சு.

1983இல் கனடிய உச்ச நீதிமன்றம் ரசீன் எதிர் வூட்ஸ் என்ற வழக்கில் தீர்ப்பளித்தது. மனிற்றோபாவைச் சேர்ந்த பூர்வகுடித் தாயொருவரின் குழந்தை கைக்குழந்தையாக வளர்ப்புக் குடும்பமொன்றில் வைக்கப்பட்டு, அங்கேயே வளர்ந்துவிட்டது. தாய் திரும்பக் கேட்டார். நீதியரசர் பேர்த்தா வில்சன் எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான்: பிள்ளைக்கும் வளர்த்தவர்களுக்குமான பிணைப்பு காலத்தோடு வலுப்பெறுகிறது, அவ்வாறு வலுப்பெறுகையில் பண்பாட்டு மரபின் முக்கியத்துவம் குறைகிறது. பிள்ளை வளர்த்தவர்களிடமே விடப்பட்டது.

1994இல் ரொறன்ரோப் பெருநகரக் கத்தோலிக்க சிறுவர் நலச் சங்கத்துக்கும் ஒரு தாய்க்கும் இடையிலான வழக்கு அதே நீதிமன்றத்துக்கு வந்தது. கீழ் நீதிமன்றங்களில் வழக்கு ஏறி இறங்கிய வருடங்களில் பிள்ளை வளர்ப்புக் குடும்பத்தோடு ஒன்றிவிட்டிருந்தது. தாயின் மேன்முறையீடு தள்ளுபடியானது. ஆரம்பத்தில் பிள்ளையை ஏன் எடுத்தார்கள் என்பதை மட்டுமன்றி, இப்போது பிரித்தால் பிள்ளைக்கு ஏற்படும் மனப் பாதிப்பையும் பார்க்கவேண்டும் என்றது நீதிமன்றம்.

பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால் இவை நியாயமான தீர்ப்புகள் என்று வாதிடலாம். ஆனால் ஒரு சமூகத்தின் பிள்ளைகள் மொத்தமாக எடுக்கப்படும்போது இதே தர்க்கம் வேறு வேலையைச் செய்கிறது. 1960கள் முதல் 80கள் வரை பூர்வகுடிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வெள்ளையர் வீடுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டதை 'அறுபதுகளின் அள்ளல்' என்று இங்கே குறிப்பிடுகிறார்கள். ஒன்ராறியோவில் அவ்வாறு எடுக்கப்பட்டவர்களின் பண்பாட்டு அடையாளத்தைக் காக்கும் கடமையில் மத்திய அரசு தவறியது என்று 2017இல் ஒன்ராறியோ நீதிபதி பெலோபாபா தீர்ப்பளித்தார். எடுப்பது தவறாக இருக்கலாம், வழக்கு நீளலாம், நீண்ட காலமே பின்னர் திருப்பிக் கொடுக்காமல் இருப்பதற்கான நியாயமாகிவிடும். பூர்வகுடிப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் அளவுக்கு அதிகமாகப் பராமரிப்பில் எடுக்கப்படுகிறார்கள் என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2018இல் அறிக்கையிட்டது. ஆகவே 'பிள்ளை பிடிகாரர்' என்ற அச்சத்தை வெறும் அறியாமை என்று நமது படித்தவர்கள் ஒதுக்கிவிட முடியாது.

மறுபுறத்தில் 'சொந்தம்' என்பதும் உத்தரவாதமல்ல. ஜெஃப்ரி போல்ட்வின் என்ற ஐந்து வயதுச் சிறுவன் 2002இல் ரொறன்ரோவில் பட்டினியால் இறந்தது பேரன் பேர்த்தியின் வீட்டில். பிள்ளைகளுக்குக் கொடுமை செய்ததற்காக அவர்கள் முன்னரே தண்டனை பெற்றவர்கள் என்ற தகவல் சங்கத்தின் பதிவுகளிலேயே இருந்தது. இரத்த உறவின் பெயரால் யாரும் அதைத் தேடிப் பார்க்கவில்லை.

5

வளர்ப்பவரின் அன்பு எங்கே எல்லை கடக்கிறது என்பதற்கு ஐரோப்பாவில் ஒரு வழக்கு உண்டு. நாசிகளிடமிருந்து தப்பியோடி பிரான்சின் கிரெனோபிளுக்கு அருகே வந்திருந்த யூதத் தம்பதியான ஃபினாலிகள் 1944இல் பிடிபட்டு அவுஷ்விற்சுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுடைய இரண்டு ஆண்பிள்ளைகளையும் நகரசபைக் குழந்தைகள் காப்பகத்தின் பொறுப்பாளரான அந்துவனெத் புரூன் ஏற்றுக் காப்பாற்றினார். அவர் அதைச் செய்திராவிட்டால் பிள்ளைகள் உயிர்தப்பியிருப்பார்களா என்பது கேள்வி. ஆனால் யுத்தம் முடிந்தபின் பிள்ளைகளின் மாமிமார் உரிமை கோரியபோது அவர் கொடுக்க மறுத்தார். 1948இல் ஞானஸ்நானம் செய்வித்தார். நீதிமன்றம் உறவினர் பக்கம் தீர்த்தபோது மதகுருமார் சிலரின் துணையோடு பிள்ளைகள் எல்லை கடத்தப்பட்டு ஸ்பெயினில் ஒளித்துவைக்கப்பட்டனர். 1953இல்தான் அவர்கள் மீட்கப்பட்டு மாமியோடு இஸ்ரேல் போய்ச் சேர்ந்தனர்.

புரூனை வில்லியாக்குவது எளிது. அவருடைய அன்பு பொய்யானதென்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. காப்பாற்றியதால் எனக்கு உரித்து என்ற அவரது வாதம்தான் ஆபத்தானது. அந்த வாதம் நல்லவர்களுக்குத்தான் முதலில் தோன்றும்.

6

இந்த வரலாற்றின் விளைவாக இன்று ஒன்ராறியோவில் ஒரு வளர்ப்பு வீடு எதை எதிர்பார்க்கலாம்? 2017இல் நிறைவேறி 2018 ஏப்ரல் 30 முதல் நடைமுறையிலுள்ள சிறுவர், இளையோர், குடும்ப சேவைகள் சட்டத்தின்படி, பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட பிள்ளையின் விடயம் 5 நாட்களுக்குள் நீதிமன்றத்தின் முன் வரவேண்டும். விசாரணை 120 நாட்களுக்குள் முடியவேண்டும் என்று நீதிமன்ற விதிகள் சொல்கின்றன. தவணைகள் அதனைத் தாண்டிப் போவதுண்டு. சங்கத்தின் இடைக்காலப் பராமரிப்பு, ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மொத்தம் 12 மாதங்கள், மற்றையோருக்கு 24 மாதங்கள். பிள்ளையின் நலன் கருதி மேலும் 6 மாதங்கள் நீடிக்கலாம். முன்பு எல்லா வயதினருக்கும் 24 மாதங்களாக இருந்ததைச் சிறு பிள்ளைகளுக்கு 12 ஆகக் குறைத்தது 1999இன் திருத்தம். காலம் யாருக்கும் காத்திராது என்பதைச் சட்டம் அவ்வாறு ஒப்புக்கொண்டது.

ஆறு மாதம் தொடர்ச்சியாகப் பிள்ளையைப் பராமரித்தவருக்கு விசாரணை பற்றிய அறிவித்தல் பெறவும், சமுகமளிக்கவும், வழக்கறிஞரை வைத்துக்கொள்ளவும், தமது கருத்தைச் சொல்லவும் உரிமையுண்டு. அதற்குமேல் பங்குகொள்ள நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அவர் வழக்கின் தரப்பினர் அல்லர். நிரந்தரமாகச் சங்கத்தின் பொறுப்புக்கு வந்துவிட்ட பிள்ளை இரண்டு வருடம் தொடர்ந்து ஒரே வளர்ப்பு வீட்டில் இருந்திருந்தால், அங்கிருந்து அகற்றுவதற்கு 10 நாள் முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும், மீளாய்வும் கோரலாம். அதற்கு முன்னரான காலத்தில் ஒரு தொலைபேசி அழைப்போடு பிள்ளை போகலாம். பெரும்பாலும் அது நல்ல செய்தியாகவே இருக்கும். தாய் குணமாகியிருப்பாள், அல்லது பெரியம்மா ஒருத்தி கிடைத்திருப்பாள்.

இனி, சட்டப் புத்தகத்தில் இல்லாதவை. பெற்றோரைச் சந்திக்கும் நாட்கள் வாரத்தின் அச்சாணியாகிவிடும். சந்தித்துவிட்டு வந்த இரவில் பிள்ளை உறங்காது, சாப்பாட்டைத் தள்ளும், உங்கள்மேல் கோபம் கொள்ளும். அது நீங்கள் நடத்தும் விதத்துக்கான தீர்ப்பு அல்ல. பெற்றோர் வராத நாளில் பிள்ளைக்கு ஒரு பதில் சொல்லவேண்டியவர் நீங்கள்தான். அந்தப் பதிலில் பெற்றோரைக் குறைத்துப் பேச உங்களுக்கு உரிமையில்லை. நாட்குறிப்பு எழுதவேண்டும். அது நீதிமன்றத்தில் வாசிக்கப்படலாம் என்பதால் கண்டதை எழுதுங்கள், நினைத்ததை எழுதாதீர்கள். தலைமயிர் வெட்டுவதற்கு முன் கேட்கவேண்டும். காது குத்துவது, மொட்டை போடுவது, கோவிலில் ஒரு பெயர் சூட்டுவது எல்லாம் உங்களுடைய தீர்மானங்கள் அல்ல. பராமரிப்புக் கொடுப்பனவுக்கு வருமான வரி கிடையாது. ஆயினும் 'காசுக்காகச் செய்யினம்' என்ற கதை உங்கள் காதுக்கு வந்தே தீரும். சமூகப் பணியாளர் மாறுவார். புதியவருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லவேண்டும். கடைசியில், பிள்ளை போனபின் உங்களுடைய துக்கத்துக்குச் சட்டத்தில் பெயரில்லை. செத்த வீடு என்றால் அயலவர் தேத்தண்ணீர் கொண்டு வருவார்கள். இதற்கு யாரும் வருவதில்லை.

7

இவ்வளவும் தெரிந்த பின் யார் முன்வருவார்கள் என்று கேட்கலாம். முன்வரவேண்டும் என்பதே என் வாதம். அதற்கான காரணம் மொழி.

தமிழ் மட்டுமே பேசும் தாயின் நான்கு வயதுப் பிள்ளை ஆங்கிலம் மட்டும் பேசும் வீட்டில் ஒரு வருடம் இருந்தால், சந்திப்பு அறையில் அவர்களுக்கிடையே என்ன மிஞ்சும்? மேற்பார்வை செய்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவரும் கிடைக்காத நாளில் தாய் தன் பிள்ளையோடு அரைகுறை ஆங்கிலத்தில் பேசவேண்டும். அதைப் பார்ப்பவர் 'பிணைப்புக் குறைவு' என்று எழுதிக்கொள்ளலாம். 1983இன் தர்க்கம் அங்கிருந்து தொடங்கிவிடும். பிள்ளையின் இனம், மொழி, மதம், பண்பாடு ஆகியவற்றைக் கவனத்திற்கொள்ளவேண்டும் என்று இன்றைய சட்டம் சொல்கிறது. ஆனால் தமிழ் வளர்ப்பு வீடு ஒன்று இருந்தால்தானே சட்டம் அந்தப் பிள்ளையை அங்கே அனுப்பமுடியும்? சோறும் தமிழும் உள்ள ஒரு வீட்டில் காத்திருக்கும் பிள்ளைக்குத் திரும்பிப் போகும் பாதை திறந்திருக்கும். திரும்பிப் போகமுடியாத பிள்ளைக்கும் தான் யார் என்பது தெரிந்திருக்கும்.

இதற்கு எதிர்வாதம் உண்டு என்பதை அறிவேன். நமது சமூகம் சிறியது. எந்தப் பிள்ளை யாருடைய வீட்டில் இருக்கிறது என்பது கடைத்தெருவில் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். பெற்றோரின் உறவினர் வாசலில் வந்து நிற்கலாம். பெண் பிள்ளை சொன்ன உண்மையை 'குடும்ப மானம்' என்ற பெயரில் அமுக்கச் சொல்லி நமது பெரியவர்களே வருவார்கள். அத்தகைய நிலையில் தூரத்து அந்நியர் வீடே பிள்ளைக்குப் பாதுகாப்பு. இவ்வாதம் வலுவானது. எல்லாப் பிள்ளைகளுக்கும் தமிழ் வீடுதான் பொருத்தம் என்று நான் கூறவில்லை. அப்படியொரு தெரிவே இல்லாத நிலையைத்தான் கேள்விக்குட்படுத்துகிறேன்.

நமது சஞ்சிகைகள் தேசம் பற்றி, மொழி பற்றி, அடையாளம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றன. அந்த அடையாளம் ஒரு பிள்ளையின் வாயிலிருந்து பன்னிரண்டு மாதத்தில் மறைந்துபோவதற்கு மாற்றாக நம்மில் எத்தனை பேர் ஒரு கட்டிலையும் ஒரு அலுமாரித் தட்டையும் ஒதுக்கத் தயார்? அதுவும் அந்தப் பிள்ளை ஒருநாள் நம்மை விட்டுப் போகும், போகவேண்டும் என்று தெரிந்துகொண்டே? தேசவழமை இதற்கு விடை தரவில்லை. கெல்சோவும் தரவில்லை. இதனை மறுப்பவர்களும், வேறு வழி காண்பவர்களும் எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.